முதலில் சொல்லுங்கள், தென்கடலா வடகடலா?

வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்:

"மே மாதக் கடைசியில் குடும்பத்தோடு ஏழு பேர் ராமேஸ்வரம் போயிருந்தோம். இன்ஸ்டாகிராமில் பார்த்து ஒரு ஸ்நார்க்கெலிங் படகுச் சவாரிக்கு ஆளுக்கு 2,000 வீதம் 14,000 ரூபாய் கட்டினேன். 'கண்ணாடி மாதிரி தண்ணீர், பவளப்பாறை, அரசு அனுமதி உண்டு' என்று போட்டிருந்தார்கள். நானும் விவரம் தெரியாதவள் இல்லை. 'ஃபாரஸ்ட் பிரச்சினை எதுவும் வராதே?' என்று வாட்ஸ்அப்பில் கேட்டுக்கொண்டுதான் பணம் அனுப்பினேன். 'அதெல்லாம் நாங்க பாத்துக்கிறோம்க்கா' என்றார்கள். போய்ப் பார்த்தால் மீன் வாடை அடிக்கும் ஃபைபர் படகு. ஏழு பேருக்கு நாலு லைஃப் ஜாக்கெட். மாஸ்க்குக்குள் தண்ணீர் புகுந்தது. கடல் ஒரே கலங்கல். பயந்துபோன எங்களை 'கல்லு மேல ஏறி நில்லுங்க' என்றார் கூட வந்தவர். அப்படி நின்றபோது என் கணவரின் காலில் கிழித்து நாலு தையல். பதினொரு நாள் வேலைக்குப் போகவில்லை, புண் இன்னும் முழுதாக ஆறவில்லை, மருத்துவச் செலவு இதுவரை 6,800 ரூபாய். கேட்கப் போனால் 'நீச்சல் தெரியாம எதுக்கு வந்தீங்க' என்று எல்லார் முன்னாலும் கத்தினார்கள். தீவில் நாங்கள் கால்கூட வைக்கவில்லை, தீவுக்கு முன்னால் இடுப்பளவுத் தண்ணீரில்தான் இறக்கினார்கள். மகள் எடுத்துவந்த பூப்போன்ற ஒரு பவளக்கல்லைத் தவிர அந்தப் பயணத்தில் எங்களுக்கு மிஞ்சியது எதுவுமில்லை. இப்போது 9,000 ரூபாய் திருப்பித் தருகிறோம் என்கிறார்கள். எனக்கு அது வேண்டாம். 23 நிமிட வீடியோ இருக்கிறது. 5 லட்சம் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட வேண்டும். தராவிட்டால் வனத்துறைக்கே வீடியோவை அனுப்பப் போகிறேன் என்று சொல்லலாமா?"

சகோதரி, நான்கு பக்கக் கடிதத்தைச் சுருக்கி, ஊர் பேர் உட்பட உங்களை அடையாளம் காட்டக்கூடிய எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத்தான் மேலே தந்திருக்கிறேன். காரணம் போகப் போகத் தெரியும்.

எல்லார் முன்னாலும் கத்தினார்கள் என்பது வருத்தம்தான், ஆனால் அதில் வழக்கில்லை. தண்ணீர் கலங்கல் என்பதிலும் இல்லை. மே கடைசியில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று கிளம்பிவிட்டால் தென்கடல் கலங்கத்தான் செய்யும். மீன் வாடையும் மாஸ்க்கும் மனுவில் ஒரு பத்திக்கு வரும், அவ்வளவுதான். நோட்டீஸ், உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையம், இரண்டு வருடக் கெடு, இந்தத் தொகைக்கு மனுக் கட்டணம் கிடையாது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டாலும் எந்த வக்கீலும் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

நான் கேட்பது ஒன்றுதான். உங்களை எந்தக் கடலில் இறக்கினார்கள், யாருடைய அனுமதியோடு?

மண்டபம், பாம்பன் ஆட்கள் தென்கடல், வடகடல் என்று பிரித்துத்தான் பேசுவார்கள். வடகடல் என்றால் வடக்கே பாக் விரிகுடா, தென்கடல் என்றால் தெற்கே மன்னார் வளைகுடா. இந்தப் பக்கத்துத் தீவுகள் எல்லாம் தென்கடலில் இருக்கின்றன. 'தீவுக்கு முன்னால்' என்று நீங்களே எழுதிவிட்டதால் கேள்வியில் பாதிக்குப் பதில் வந்துவிட்டது. பாம்பன் பக்கத்திலிருந்து தூத்துக்குடி வரை உள்ள 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. தீவின் மணல் மட்டும் பூங்கா என்று நினைக்கிறீர்கள். தீவைச் சுற்றியிருக்கும் ஆழமில்லாத தண்ணீரும் பூங்காதான், பவளம் இருப்பதே அங்கேதான். 'தீவில் கால் வைக்கவில்லை' என்று நீங்கள் சமாதானமாக எழுதிய வரி, வழக்கு என்று வந்தால் எதிர்த்தரப்பு அடிக்கோடு போட்டு வாசிக்கும் வரியாகிவிடும். கால் வைத்தது அதைவிட மோசமான இடத்தில்.

அனுமதி இல்லாமல் தேசியப் பூங்காவுக்குள் நுழைவது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மூன்று வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இது படகு ஓட்டியவருக்கு மட்டுமான தண்டனை இல்லை, நுழைந்தவர் எல்லாருக்கும் உண்டு. நீங்கள் ஏமாற்றப்பட்ட வாடிக்கையாளரா, அல்லது தெரிந்தே கூட நுழைந்தவரா என்பதில்தான் எல்லாம் நிற்கிறது. அந்த இடத்தில்தான் உங்கள் வாட்ஸ்அப் வருகிறது.

'அரசு அனுமதி உண்டு' என்று அவர்கள் போட்ட விளம்பரம் உங்கள் கையில் இருக்கும் மிகப் பெரிய ஆதாரம். அதைப் பத்திரப்படுத்துங்கள். பொய்யான விளம்பரம் என்று நுகர்வோர் ஆணையத்தில் நிற்கும், நீங்கள் நம்பித்தான் போனீர்கள் என்று வனத்துறை முன்னாலும் ஓரளவு நிற்கும். ஆனால் அதற்கு நாலு வரி கீழே 'ஃபாரஸ்ட் பிரச்சினை எதுவும் வராதே?' என்று நீங்களே கேட்டிருக்கிறீர்கள். முன்ஜாக்கிரதையாக இருந்தேன் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். எதிர்த்தரப்பு வக்கீல் அதை வேறு மாதிரி வாசிப்பார்: 'அங்கே போவதில் சட்டச் சிக்கல் உண்டு என்று மனுதாரருக்கு முன்பே தெரியும்.' 'அனுமதிச் சீட்டைக் காட்டுங்கள்' என்று கேட்டிருந்தால் அது எச்சரிக்கை. 'பிரச்சினை வராதே?' என்பது வேறு.

இப்போது வீடியோவுக்கு வருகிறேன். இதில்தான் என்னிடம் வந்தவர்கள் பலர் மாட்டிக்கொண்டார்கள்.

இதேபோல ஒரு குடும்பம் என் ஆபீசுக்கு வந்தது. வீடியோவைப் போட்டுக் காட்டினார்கள். லைஃப் ஜாக்கெட் பிய்ந்திருப்பது, பையன் அழுவது, கூட வந்த ஆள் சிகரெட் பிடிப்பது எல்லாம் தெளிவாக இருந்தது. பாதியில் ஓர் இடத்தில் நான் நிறுத்தினேன். அப்பா இரண்டு கால்களையும் ஊன்றி நிற்கிறார், காலுக்கடியில் மான்கொம்பு மாதிரிக் கிளை விட்ட பவளம். ஒரு கிளை முறிகிறது, வெள்ளையாகத் தூள் கிளம்பித் தண்ணீரில் கரைகிறது. இரண்டு நொடிக்குமேல் இருக்காது. அவர்கள் அந்த வீடியோவை இருபது தடவையாவது பார்த்திருப்பார்கள், ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறவருக்குத் தன் குழந்தையின் முகம்தான் தெரியும். வனச்சரகர் பார்த்தால் கால்தான் தெரியும்.

பாறை உருவாக்கும் பவளங்கள் 2001 முதல் அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலி, யானை இருக்கும் அதே அட்டவணை. 'கல்லு' என்று படகுக்காரர் சொன்னதால் நீங்களும் கல் என்றே எழுதுகிறீர்கள். சட்டத்துக்கு அது விலங்கு. உயிரோடு இருந்தாலும் செத்து வெளுத்துப் போயிருந்தாலும் விலங்குதான். முதல் அட்டவணை விலங்கு சம்பந்தப்பட்ட குற்றம் என்றால் குறைந்தபட்சமே மூன்று வருடம், ஏழு வருடம் வரை போகலாம், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். அனுமதியின்றி நுழைந்த குற்றத்தையாவது துறையிடம் பணம் கட்டிச் சமரசமாக முடிக்கச் சட்டம் இடம் தருகிறது. குறைந்தபட்சச் சிறை விதிக்கப்பட்ட குற்றத்துக்கு அந்த வழி கிடையாது.

உங்கள் மகள் எடுத்துவந்த பூப்போன்ற பொருளும் அதுதான். அது உங்கள் வீட்டு ஷோகேஸில் இருக்கிறதென்றால், சட்டத்தின் பார்வையில் அரசுச் சொத்து உங்கள் கைவசம் இருக்கிறது. கைக்கு வந்த 48 மணி நேரத்துக்குள் தெரிவித்திருக்க வேண்டும். முறைப்படிதான் வைத்திருந்தோம் என்று நிரூபிக்கும் பொறுப்பும் உங்கள் மேல்தான் விழும். குழந்தை அறியாமல் எடுத்தது என்பது மனிதருக்குப் புரியும். ஆனால் பத்திரமாக வைத்திருப்பது பெரியவர்கள். நாலு தையலுக்கு நியாயம் கேட்டுக் கிளம்புகிறவரின் வீட்டில் இது இருப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அதைக் குப்பையில் போடாதீர்கள், வண்டியில் வைத்துத் திருப்பிக் கடலில் போடக் கிளம்பாதீர்கள், என் ஆபீசுக்கும் கொண்டு வராதீர்கள். வைத்திருப்பது போலவே கொண்டுபோவதும் சிக்கல்தான். உங்கள் ஊரில் குற்றவியல் வழக்கு நடத்தும் வக்கீல் ஒருவரை நேரில் பாருங்கள். அவர் மூலம் வனத்துறைக்கு எழுத்தில் தெரிவித்து ஒப்படைப்பதுதான் சரியான வழி. கெடு தாண்டிவிட்டது உண்மை. ஆனால் தானாக முன்வந்து சொன்னவர் நிலையும் வீட்டில் தேடி எடுக்கப்பட்டவர் நிலையும் ஒன்றல்ல. நுகர்வோர் நோட்டீஸ் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

அடுத்தது, 'தராவிட்டால் வனத்துறைக்கு அனுப்புவேன்' என்ற உங்கள் யோசனை. அதை வாயால்கூடச் சொல்லாதீர்கள், வாய்ஸ் மெசேஜ் கூடவே கூடாது. புகார் கொடுப்பது உங்கள் உரிமை. பணம் தந்தால் புகார் இல்லை என்று பேரம் பேசினால் அது மிரட்டிப் பணம் கேட்பது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 308-ஆம் பிரிவில் எதிர்ப்புகார் வாங்கிக்கொண்டு இங்கே ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் அலைந்தவர்களை எனக்குத் தெரியும். பணம் போனவரும் அவரே, அலைந்தவரும் அவரே.

வனத்துறைக்குப் போனால் முதலில் யாருக்கு அடி என்பதையும் யோசியுங்கள். இன்ஸ்டாகிராமில் பணம் வாங்கியவர் பெரும்பாலும் ஏஜென்ட், அவரிடம் படகே இருக்காது. படகு வேறொரு மீனவருடையது. உங்கள் 14,000-இல் சிறு பகுதிதான் அவர் கைக்குப் போயிருக்கும். பிடிபடுவது படகு, அது அரசுக்கே போய்விடலாம். பிழைப்பே அந்தப் படகு என்று இருப்பவர் சும்மா விடமாட்டார். அவரிடம் இருக்கும் ஒரே பிடி, 'அவங்கதான் தீவுக்குப் பக்கத்துல போகச் சொன்னாங்க, பாருங்க வீடியோவ' என்பது. உங்கள் ஆதாரம் அன்றைக்கு அவர் ஆதாரமாகிவிடும்.

அதனால் நேராகச் சொல்கிறேன், சமாதானமாகப் போங்கள். 9,000-க்கு இல்லை. கட்டிய 14,000 முழுதும், மருத்துவச் செலவு 6,800, போன சம்பளம் இவற்றைச் சேர்த்துக் கேளுங்கள். 25,000-க்குப் பக்கத்தில் வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். 5 லட்சத்துக்கு என்ன கணக்கு என்று ஆணையம் கேட்கும்போது உங்களிடம் பில் இருக்காது.

ஆனால் காலை முழுதாகப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பவளம் கிழித்த காயம் மேலே ஆறின மாதிரி இருக்கும், உள்ளே துணுக்கு தங்கியிருந்தால் மறுபடி சீழ் கட்டும். 'எல்லாக் கோரிக்கையும் தீர்ந்தது' என்று எழுதிக் கொடுத்துவிட்டு இரண்டு மாதம் கழித்து ஆபரேஷன் என்று வந்தால் ஒரு ரூபாய் கேட்க முடியாது. இன்னும் ஆறவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். டாக்டரிடம் காட்டி, இனி சிகிச்சை தேவையில்லை என்று எழுதி வாங்குங்கள். கெடு இரண்டு வருடம், அவசரமில்லை. ரசீதில் 'பயணக் கட்டணமும் சிகிச்சைச் செலவும் திரும்பப் பெற்றுக்கொண்டேன்' என்று மட்டும் இருக்கட்டும். 'போலீஸிலோ வனத்துறையிலோ புகார் கொடுக்கமாட்டேன்' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்வார்கள், கட்டாயம் சொல்வார்கள். அந்த வரி சட்டப்படி செல்லாது. அது மட்டுமில்லாமல், குற்றத்தை மறைக்கப் பணம் வாங்கினார் என்று உங்கள் மேலேயே திரும்பும்.

ஒரு விஷயத்தை மட்டும் நான் லேசாக எடுத்துக்கொள்ளமாட்டேன். ஏழு பேருக்கு நாலு லைஃப் ஜாக்கெட். 2023 மே 7-ஆம் தேதி கேரளாவின் தானூரில் 22 பேர் இறந்தது மீன்பிடிப் படகைச் சுற்றுலாப் படகாக மாற்றி ஓட்டியதில்தான். பாதுகாப்பில்லாத படகில் கூலிக்கு ஆள் ஏற்றுவது தனிக் குற்றம், அதே நியாய சன்ஹிதாவின் 284-ஆம் பிரிவு. உங்கள் வீட்டு விவகாரத்தை மேலே சொன்னபடி வக்கீல் மூலம் சரிசெய்த பிறகு, பணப் பேச்சோடு எந்த வகையிலும் கலக்காமல், இதை மட்டும் மாவட்ட ஆட்சியருக்கு எழுதுங்கள். அடுத்த வாரம் அதே படகில் வேறு மூன்று பேர் ஜாக்கெட் இல்லாமல் உட்காருவார்கள்.

இதைப் படித்துவிட்டு விடுமுறைக்குக் கிளம்புகிறவர்கள் பணம் அனுப்புவதற்கு முன் வனத்துறைச் சீட்டைக் கேளுங்கள். ராமநாதபுரம் மாவட்டத்தின் காரங்காட்டிலும் பிச்சைமூப்பன்வலசையிலும் வனத்துறையே படகு விடுகிறது. அங்கே சீட்டு கையில் கிடைக்கும், ஆளுக்கொரு ஜாக்கெட் மாட்டிவிடுவார்கள். தனியார் படகு என்றால் எந்தக் கடல் என்று கேளுங்கள். கச்சான் அடிக்கும் மாதங்களில் வடகடல்தான் சாந்தமாக இருக்கும். அந்தக் காலத்தில் தென்கடல் தீவுப் பக்கம் கண்ணாடித் தண்ணீர் காட்டுகிறேன் என்கிறவரிடம் மேற்கொண்டு எதுவும் கேட்க வேண்டாம், வேறு ஆளைப் பாருங்கள். வடகடல் என்றாலும் பவளம் அதே அட்டவணைதான், காலை ஊன்றக் கூடாது.

சகோதரி, வக்கீலைப் பார்க்கப் போகும்போது விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், முழு வாட்ஸ்அப் உரையாடல், ஜிபே ரசீது, ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் எடுத்துப் போங்கள். உரையாடலில் உங்களுக்குப் பாதகமான அந்த ஒரு வரியை மட்டும் அழிக்காதீர்கள், மறுமுனையில் அது அப்படியே இருக்கிறது. வீடியோவையும் அழிக்காதீர்கள், எங்கேயும் ஏற்றாதீர்கள், உறவினர் குரூப்பில்கூட. படம் பிடித்த அந்த போனையே கையில் கொண்டுபோய் அவர் முன்னால் 23 நிமிடமும் ஓடவிடுங்கள். முகங்களை விட்டுவிட்டுக் கால்களைப் பார்க்கச் சொல்லுங்கள்.