கிளாக் 17 கைத்துப்பாக்கிக்கு வேறு கம்பெனி பேரல் (குண்டு பாயும் குழல்) மாற்றலாமா?

குறி இன்னும் சரியாக விழும் என்பதற்காகவா? வேண்டாம். பத்து கெஜத்தில் குண்டு விலகினால் பெரும்பாலும் விசையை இழுக்கும் விரல்தான் காரணம், அந்தக் காசுக்குத் தோட்டா வாங்கிச் சுட்டுப் பழகுங்கள். ஆனால் மேலுறை இல்லாத வெறும் ஈயக் குண்டு சுடுகிறவர் என்றால் கதையே வேறு: நான்காம் தலைமுறை வரையிலான கிளாக் பேரலின் உட்புறம் குண்டைச் சுழற்றும் கூரான வரிப்பள்ளம் இல்லாமல் வழவழப்பான பலகோணமாக இருக்கும், அதில் ஈயம் படிந்து அழுத்தம் ஏறலாம், கம்பெனியே ஈயம் வேண்டாம் என்கிறது. அங்கே பள்ளம் வெட்டிய பேரல் சரி. அப்புறம், வேறு கம்பெனிப் பேரல்களில் சேம்பர், அதாவது தோட்டா உட்காரும் அறை, பல நேரம் இறுக்கமாக இருக்கும். பேரலைக் கழற்றிக் கையில் பிடித்து ஒரு தோட்டாவைப் போட்டால் டக்கென்று உட்கார வேண்டும், கவிழ்த்ததும் தானாக விழ வேண்டும். சிக்கினால் அந்தத் தோட்டா அதற்கு ஆகாது. வீட்டுப் பாதுகாப்புக்கு வைத்திருக்கும் துப்பாக்கி என்றால் கிளாக் கம்பெனிப் பேரலே இருக்கட்டும்.