புதிதாகப் பதித்த புல்லில் மஞ்சள் திட்டு: தண்ணீர்க் குறையா, புழுவா?

மண்ணோடு வெட்டியெடுத்த புல் பத்தைகள் பதித்துப் பத்து நாளில் மஞ்சள் திட்டு வருகிறது, பூச்சிமருந்து அடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். முதலில் ஒரு பத்தையின் ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். அடிமண் காய்ந்திருந்தால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். மேலே நனைந்து தெரியும், அடியில் இறங்கியிருக்காது; பத்தைகள் சேரும் ஓரங்கள்தான் முதலில் காயும். வேர் பிடிக்க இரண்டு மூன்று வாரம் ஆகும், அதுவரை அடிமண் காயவே கூடாது. காலையில் ஊற்றுங்கள்; ராத்திரி முழுக்க இலை நனைந்திருந்தால் பூஞ்சை வரும்.

மண் ஈரமாக இருந்தும் இலைகள் கடிபட்டிருந்தால் படைப்புழுவைச் சந்தேகப்படலாம். பகலில் ஒளிந்திருந்து இரவில் மேயும். 4 லிட்டர் தண்ணீரில் 2 மேசைக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, திட்டின் ஓரத்தில் ஒரு சதுர மீட்டர் அளவுக்கு ஊற்றுங்கள். சில நிமிடங்களில் புழுக்கள் நெளிந்து மேலே வரும். அப்புறம் நல்ல தண்ணீர் விட்டு அலசிவிடுங்கள். புழு சின்னதாக இருக்கும்போதே பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற, புழுவைக் கொல்லும் பாக்டீரியா மருந்தைச் சாயங்காலம் தெளித்தால் கேட்கும். வெயிலில் அதன் வீரியம் போய்விடும்.

வேரைத் தின்னும் வெள்ளைப் புழு இந்தச் சோப்புத் தண்ணீரை ஊற்றினாலும் மேலே வராது, தோண்டித்தான் பார்க்க வேண்டும். பத்தை கையோடு வருவதை மட்டும் வைத்து அதுதான் என்று முடிவு செய்யாதீர்கள். வேர் விடாத புதுப் புல்லும் அப்படித்தான் வரும்.