ஏறுகிற காயினில் எப்போது நுழைவது?

கேள்வி: நான் கவனித்து வரும் ஒரு கிரிப்டோ காயின் பல மாதங்களாக 100 ரூபாயைத் தாண்ட முடியாமல் கிடந்தது. போன வாரம் தாண்டி, இப்போது 112-ல் நிற்கிறது. கையில் ஒரு லட்சம் இருக்கிறது. இறங்கட்டும் என்று காத்திருந்தால் மேலே போய்விடுகிறது. பொறுக்க முடியாமல் வாங்கினால் அன்றைக்கே இறங்குகிறது. எப்போதுதான் வாங்குவது?
- வாசகர், திருப்பூர்

பதில்: இதில் ராசி ஒன்றும் இல்லை. நான்கைந்து நாள் தொடர்ந்து ஏறி, எல்லார் கண்ணிலும் பட்ட பிறகுதான் நமக்குப் பொறுமை போகிறது. முன்பே வாங்கி வைத்தவர்கள் விற்கத் தொடங்குவதும் அப்போதுதான். 2021 மே 8 அன்று எலான் மஸ்க் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வரப்போகிறார் என்பதற்காகவே டோஜ்காயின் என்ற கிரிப்டோ காயின் 70 சென்ட்டைத் தாண்டியது. அவர் மேடையேறிய சில மணி நேரத்தில் 50 சென்ட்டுக்குக் கீழே வந்துவிட்டது. ஜூலையில் 20 சென்ட்கூட இல்லை.

உங்கள் காயினுக்கு வருவோம். 100 ரூபாயில் ஏன் முட்டிக்கொண்டு நின்றது? முன்பு அந்த விலையில் வாங்கி மாட்டியவர்கள், போட்ட பணம் வந்தால் போதும் என்று அங்கே விற்றுக்கொண்டே இருந்திருப்பார்கள். அவர்கள் கைச்சரக்கு தீர்ந்ததும் விலை மேலே வந்திருக்கும். இனி 100 பக்கம் திரும்பி வந்தால், தவறவிட்டவர்கள் வாங்கக் காத்திருப்பார்கள். அதனால் நான் 112-ல் துரத்த மாட்டேன். 100-102 வரை வருகிறதா, வந்து அங்கே தாக்குப்பிடிக்கிறதா என்று பார்ப்பேன். ஐந்து நிமிட சார்ட்டை மூடிவிடுங்கள், அது பதற்றத்தைத்தான் கூட்டும். தினசரி கேண்டில், அதாவது சார்ட்டில் ஒரு நாள் விலையைக் காட்டும் பட்டை, நம் நேரப்படி காலை 5.30-க்கு முடிகிறது. அது 100-க்கு மேலே முடிந்திருக்கிறதா, தாண்டிய நாளில் வால்யூம் (கைமாறிய காயின்களின் அளவு) வழக்கத்தைவிடக் கூடியிருந்ததா என்று காபி குடித்துக்கொண்டே பார்த்தால் போதும். வால்யூமே இல்லாமல் ஏறியிருந்தால் விட்டுவிடுங்கள். திரும்பி வராமலேயே 140 போனால்? போகட்டும், வேறு காயின் வரும்.

வாங்கும் விலையைப் பற்றி மட்டும் கேட்டிருக்கிறீர்கள். எந்த விலை வந்தால் தப்புக் கணக்கு என்று ஒப்புக்கொண்டு வெளியே வருவீர்கள்? வாங்கும் முன்பே இதை ஒரு தாளில் எழுதிவிடுங்கள். எவ்வளவு பணம் போடலாம் என்பது அதிலிருந்துதான் வரும். ஒரு லட்சத்தில் 2,000 ரூபாய் போனால் தாங்குவீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 102-ல் வாங்கி 94-ல் வெளியேறுவதாக இருந்தால் ஒரு காயினுக்கு நஷ்டம் 8 ரூபாய். அப்படியானால் 250 காயின், அதாவது 25,500 ரூபாய்க்கு வாங்கலாம். அதே 94-ஐ வைத்துக்கொண்டு 112-ல் வாங்கினால் நஷ்டம் 18 ரூபாய். 111 காயின்தான், 12,432 ரூபாயோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். தாமதமாக நுழையலாம், தப்பில்லை. ஆனால் அளவு பாதியாகிவிடும். பலரும் இதற்கு நேர்மாறாக, ஏற ஏற அதிகம் போடுகிறார்கள்.

வாங்கும்போது லிமிட் ஆர்டர், அதாவது 'இந்த விலைக்கு மேல் வேண்டாம்' என்று சொல்லும் ஆர்டர், போடுங்கள். சில ஆப்களில் 'உடனே வாங்கு' பொத்தானில் காட்டும் விலைக்குள்ளேயே அவர்கள் கமிஷன் ஒளிந்திருக்கும். அதே நொடியில் விற்றால் என்ன விலை காட்டுகிறது என்று பாருங்கள், 112.80-க்கு வாங்கி 111.20-க்குத்தான் விற்க முடியும் என்றால், நுழைந்த உடனேயே ஒன்றரை சதவீதம் போயிற்று. ஸ்டாப் லாஸ் (குறித்த விலைக்கு இறங்கினால் தானாக விற்கும் ஆர்டர்) போட்டாலும், சின்ன காயின் சரசரவென்று சரியும்போது நீங்கள் சொன்ன விலையில் விற்காமல் போகலாம். 94 என்று எழுதியது 91-ஆகவும் முடியும் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் வரி. அடிக்கடி வாங்கி விற்கலாம் என்ற ஆசையை இது ஒன்றே அடக்கிவிடும். 2022 ஏப்ரலிலிருந்து லாபத்துக்கு 30 சதவீதம், செஸ் சேர்த்து 31.2. நஷ்டத்தைக் கழிக்க முடியாது. ஒரு காயினில் 10,000 லாபம், இன்னொன்றில் 10,000 நஷ்டம் என்றால் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை, ஆனாலும் 3,120 ரூபாய் வரி உண்டு. விற்கும்போதெல்லாம் ஒரு சதவீத டிடிஎஸ் (முன்கூட்டியே பிடித்துக்கொள்ளும் வரி) வேறு. ஒரு லட்சத்தைப் பத்து முறை சுழற்றினால் பத்தாயிரத்துக்குப் பக்கம் முடங்கிக் கிடக்கும்; கணக்குத் தாக்கல் செய்த பிறகுதான் அது ஈடாகும்.

ஃபியூச்சர்ஸ் பக்கம், அதாவது காயினை வாங்காமல் அதன் விலை மீது பந்தயம் கட்டும் பக்கம், போகவே வேண்டாம். பத்து மடங்கு லீவரேஜ் எடுத்தால், அதாவது கையில் உள்ளதைப்போல் பத்து மடங்குக்குப் பந்தயம் கட்டினால், பத்து சதவீதச் சரிவிலேயே மொத்தமும் காலி. 2025 அக்டோபர் 10 அன்று டிரம்ப் சீனப் பொருள்களுக்கு 100 சதவீதக் கூடுதல் வரி என்று அறிவித்ததும், ஒரே நாளில் சுமார் 1,900 கோடி டாலர் மதிப்புள்ள பொசிஷன்கள் (இப்படிக் கட்டிய பந்தயங்கள்) தானாக மூடப்பட்டன. அதில் பலர் காயின் ஏறும் என்று நம்பியிருந்தவர்கள்.

கேள்வி: டெலிகிராம் குழு ஒன்றில் தினமும் இரவு எட்டு மணிக்கு 'இப்போது வாங்கு' என்று சிக்னல் தருகிறார்கள். அவர்கள் சொன்ன ஆப்பில் 10,000 போட்டேன், 16,000 காட்டுகிறது. எடுக்கப் போனால் முதலில் 4,800 ரூபாய் வரி கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?
- வாசகி, மதுரை

பதில்: கட்டாதீர்கள். அந்த 16,000 திரையில் தெரியும் வெறும் எண்தான். உங்கள் பணத்தை எடுக்க முன்கூட்டியே வரி கட்டு என்று எந்த ஒழுங்கான எக்ஸ்சேஞ்சும் (காயின் வாங்கி விற்கும் தளம்) கேட்காது. டிடிஎஸ் என்றால் விற்ற தொகையிலிருந்தே பிடித்துக்கொள்வார்கள். இன்றைக்கே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்து புகார் கொடுங்கள். பணம் அனுப்பிய யுடிஆர் எண் (வங்கிப் பரிமாற்றத்தின் அடையாள எண்), குழுவின் ஸ்கிரீன்ஷாட்கள் எல்லாம் கையில் இருக்கட்டும். குழுவை விட்டு வெளியேறுவதற்கு முன்பே அவற்றை எடுத்து வைத்துவிடுங்கள்.