கணினிக் கேள்வி-பதில்: பாக்கெட் போகிறது, பதில் வரவில்லை

கேள்வி: எங்கள் ஆடிட்டர் அலுவலகத்தில் ஒரே லினக்ஸ் சர்வரில் கேவிஎம் என்ற மென்பொருள் மூலம் ஐந்து விர்ச்சுவல் மெஷின்கள் (வி.எம்., கணினிக்குள் ஓடும் மென்பொருள் கணினி) ஓடுகின்றன. அவற்றுக்கு 10.10.20.0/24 என்று தனி நெட்வொர்க். அலுவலக லேன் 192.168.1.0/24, ரவுட்டர் 192.168.1.1. ஒரு வி.எம்.முக்கு இரண்டு நெட்வொர்க் கார்டு கொடுத்து கேட்வே (இரண்டு நெட்வொர்க்குக்கும் நடுவே பாக்கெட்டுகளை, அதாவது தரவுப் பொட்டலங்களை, கடத்தும் வாசல்) ஆக்கியிருக்கிறோம்: உள்பக்கம் 10.10.20.1, வெளிப்பக்கம் 192.168.1.50. மற்ற வி.எம்.களிலிருந்து 192.168.1.50க்கு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனைக் கட்டளை) போகிறது. ஆனால் 192.168.1.20இல் உள்ள பிரின்டர் பதில் தருவதில்லை. என்ன காரணம்?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: 192.168.1.50 பதில் சொல்வதை வைத்து கேட்வே சரியாக இருக்கிறது என்று முடிவுக்கு வராதீர்கள். அது கேட்வேயின் சொந்த முகவரி. பாக்கெட்டை மறுபக்கம் தள்ளாமலேயே அது பதில் கொடுத்துவிடும்.

உண்மையில் எங்கே நிற்கிறது என்று கண்ணால் பார்த்துவிடலாம். கேட்வேயில் இரண்டு டெர்மினல் திறந்து, உள் கார்டில் ஒன்றும் வெளி கார்டில் ஒன்றுமாக டிசிபிடம்ப் (கார்டில் வந்துபோகும் பாக்கெட்டைக் காட்டும் கருவி) ஓடவிட்டு, வி.எம்.மிலிருந்து பிரின்டருக்கு பிங் கொடுங்கள். உள் கார்டில் மட்டும் கோரிக்கை தெரிந்தால் கேட்வே அதைக் கடத்தவில்லை என்று பொருள். பெரும்பாலும் ஐபி ஃபார்வர்டிங் (ஒரு கார்டில் வந்ததை மறு கார்டில் அனுப்பும் அமைப்பு) மதிப்பு 0 ஆக இருக்கும். அதை 1 ஆக்குங்கள். சிஸ்சிடிஎல் என்ற அமைப்புக் கோப்பிலும் எழுதி வையுங்கள். கட்டளையாக மட்டும் கொடுத்தால், கரன்ட் போய் சர்வர் மறுபடி எழும்போது பழையபடி 0 ஆகிவிடும். மதிப்பு 1 ஆக இருந்தும் கடக்கவில்லையா? ஃபயர்வாலின் ஃபார்வர்ட் விதிகளைப் பாருங்கள். அதே மெஷினில் டாக்கர் (கன்டெய்னர் மென்பொருள்) நிறுவியிருந்தால், அது ஃபார்வர்ட் பாலிசியை டிராப் (எறிந்துவிடு) என்று மாற்றி வைத்திருக்கலாம்.

இரண்டு கார்டிலும் கோரிக்கை தெரிந்து, பதில் மட்டும் எதிலும் தெரியாமல் போனால், உங்கள் பக்கம் பழுதில்லை. பிரின்டருக்குத் திரும்பி வர வழி தெரியவில்லை. 10.10.20.0 எங்கே இருக்கிறது என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. பல பிரின்டர்களில் டீஃபால்ட் கேட்வே கட்டத்தை 0.0.0.0 என்றே விட்டிருப்பார்கள். ஒரே லேனுக்குள் பிரின்ட் எடுக்கும்வரை அந்தக் குறை வெளியே தெரியாது. கேட்வே வைப்பவர்கள் போகிற வழியை ஒழுங்காக அமைத்துவிடுகிறார்கள், வருகிற வழியை மறந்துவிடுகிறார்கள். இந்த வகைப் புகார்களில் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

வழக்கமான தீர்வு, ரவுட்டரில் ஸ்டாட்டிக் ரவுட் (இந்த நெட்வொர்க்குக்கு இந்த வழி என்று நாமே எழுதி வைக்கும் குறிப்பு) போடுவது: சேருமிடம் 10.10.20.0, மாஸ்க் 255.255.255.0, கேட்வே 192.168.1.50. பிரின்டரின் கேட்வே கட்டத்தில் 192.168.1.1.

இதற்குப் பிறகும் ஒரு சிக்கல் வரலாம். அலுவலகக் கணினியிலிருந்து வி.எம்.முக்கு பிங் போகும், அதே வி.எம்.மின் வெப் பக்கமோ ரிமோட் டெஸ்க்டாப்போ திறக்காது. கணினியிலிருந்து புறப்படும் முதல் பாக்கெட் ரவுட்டர் வழியாக கேட்வேக்குப் போகிறது. பதிலோ கேட்வேயிலிருந்து நேரே கணினிக்கு வந்துவிடுகிறது, ஏனென்றால் இரண்டும் ஒரே லேனில் இருக்கின்றன. ரவுட்டரின் ஃபயர்வால் உரையாடலில் ஒரு பாதியை மட்டும் பார்க்கிறது. அடுத்த பாக்கெட் வந்ததும் ‘இது செல்லாத இணைப்பு’ என்று எறிந்துவிடுகிறது. எல்லா ரவுட்டரும் இப்படிச் செய்வதில்லை. செய்கிற ரவுட்டர் வாய்த்தால் காரணம் புரியாமல் நாள்கணக்கில் அலைய வேண்டியிருக்கும்.

இதைத் தவிர்க்க, ரவுட்டை அந்தந்தக் கணினிக்கே கொடுத்துவிடுவது நல்லது. விண்டோஸில் அட்மினிஸ்ட்ரேட்டராக கமாண்ட் பிராம்ப்ட் திறந்து ரவுட் ஆட் கட்டளை கொடுங்கள். அதோடு ‘பி’ சுவிட்சையும் சேர்த்தால்தான் ரீஸ்டார்ட் செய்தபின்பும் நிலைக்கும். கணினிகள் நிறைய இருந்தால் டிஎச்சிபி சர்வரில் (கணினிகளுக்குத் தானாக ஐபி கொடுப்பது) 121ஆம் ஆப்ஷன் வழியாக எல்லாவற்றுக்கும் ஒரே தடவையில் அனுப்பலாம். பிரின்டரில் ரவுட் எழுத இடமிருக்காது. அதன் டீஃபால்ட் கேட்வேயை 192.168.1.50 என்றே வைத்துவிடுங்கள்.

கேட்வேயில் மாஸ்கரேட் (உள் முகவரியை மறைத்து கேட்வேயின் முகவரியில் அனுப்பும் முறை) போட்டால் இத்தனையும் தேவையில்லையே என்று சிலர் சொல்வார்கள். பாதி உண்மை. வெளியே எல்லாப் பாக்கெட்டும் 192.168.1.50 பெயரில் போகும், பதிலும் சரியாக வந்து சேரும். ஆனால் வெளியிலிருந்து தொடங்கும் எதுவும் உள்ளே வராது. ஸ்கேன் செய்த தாளை வி.எம்.மில் உள்ள ஃபோல்டருக்கு அனுப்பச் சொன்னால் பிரின்டர் கைவிரித்துவிடும். லாக் கோப்பிலும் எந்த வி.எம். என்ன செய்தது என்று பிரித்துப் பார்க்க முடியாது. ஆடிட்டர் அலுவலகத்துக்கு ரவுட் வழிதான் ஏற்றது.

இன்னொன்று: கேட்வேயின் வெளிக் கார்டு, கேவிஎம் தானாகத் தரும் 192.168.122.0 நெட்வொர்க்கில் இருக்கக் கூடாது. அது ஏற்கெனவே நாட் (மாஸ்கரேட் போன்ற முகவரி மாற்றம்) செய்கிறது. சர்வரின் நிஜக் கார்டைச் சேர்த்த, வி.எம்.மை நேரே லேனில் இணைக்கும் பிரிட்ஜில்தான் இருக்க வேண்டும். பிரிட்ஜ் அமைக்கும்போது சர்வரின் ஐபியை கார்டிலிருந்து எடுத்து பிரிட்ஜுக்கு மாற்றுவீர்கள். அந்த நொடியில் இணைப்பு அறுந்துவிடும். எஸ்எஸ்எச் வழியாகத் தொலைவிலிருந்து செய்யாமல், சர்வர் முன்னால் உட்கார்ந்து செய்யுங்கள்.

கேள்வி: லேப்டாப்பில் விர்ச்சுவல்பாக்ஸ் (வி.எம். ஓட்டும் மென்பொருள்). கேபிள் போட்டால் பிரிட்ஜ் முறையில் வி.எம்.முக்கு ஐபி கிடைக்கிறது. ஹாஸ்டல் வைஃபையில் கிடைப்பதில்லை.
– மாணவி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: வைஃபை ஆக்சஸ் பாயிண்ட், தன்னிடம் பதிவு செய்துகொண்ட மேக் முகவரியை (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) மட்டுமே ஏற்கும். வி.எம்.முக்கு வேறு மேக் முகவரி இருப்பதால் அதன் பாக்கெட்டுகள் வாசலிலேயே நின்றுவிடுகின்றன. விர்ச்சுவல்பாக்ஸ் மேக் முகவரியை மாற்றி எழுதிச் சமாளிக்கப் பார்க்கும். எல்லா இடத்திலும் அது எடுபடாது. முதல் அடாப்டரை நாட் முறையில் வைத்து இன்டர்நெட்டுக்கு விடுங்கள். இரண்டாவது அடாப்டரை ஹோஸ்ட்-ஒன்லி (லேப்டாப்புக்கும் வி.எம்.களுக்கும் மட்டுமான நெட்வொர்க்) ஆக்கினால் 192.168.56 வரிசையில் முகவரி கிடைக்கும், லேப்டாப்பிலிருந்து வி.எம்.மைத் தொட அது போதும். பக்கத்து அறைத் தோழியும் வி.எம்.மைப் பார்க்க வேண்டுமென்றால் நாட் அடாப்டரில் போர்ட் ஃபார்வர்டிங் கொடுங்கள்: லேப்டாப்பின் 2222 போர்ட்டிலிருந்து வி.எம்.மின் 22க்கு (எஸ்எஸ்எச்). ஆக்சஸ் பாயிண்ட்டில் கிளையன்ட் ஐசொலேஷன் (ஒரே வைஃபையில் உள்ளவர்களை ஒருவரையொருவர் அணுக விடாத தடை) போட்டிருந்தால் தோழிக்கு உங்கள் லேப்டாப்பே தெரியாது.

கேள்வி: ஒரு உபுண்டு வி.எம்.மை குளோன் செய்தோம். மேக் முகவரி வேறாக இருந்தும் இரண்டுக்கும் ஒரே ஐபி வருகிறது.
– வாசகர், மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டை, புதுச்சேரி

பதில்: புதிய உபுண்டு சர்வர்கள் டிஎச்சிபியிடம் அடையாளமாக மேக் முகவரியைக் காட்டுவதில்லை, மெஷின்-ஐடி கோப்பிலிருந்து உருவாக்கிய அடையாளத்தைக் காட்டுகின்றன. குளோன் செய்தபோது அந்தக் கோப்பும் நகலாகிவிட்டது. குளோனில் அதை அழிக்காமல், உள்ளடக்கத்தை மட்டும் காலி செய்து ரீபூட் செய்யுங்கள். புதிதாக ஒன்று உருவாகும். அல்லது நெட்பிளான் என்ற நெட்வொர்க் அமைப்புக் கோப்பில் டிஎச்சிபி அடையாளத்தை ‘மேக்’ என்று மாற்றுங்கள்.