பினாங்குத் தீவில் ஒரே நாள்: பறவையும் விலங்கும் பார்க்க எங்கே, எந்த நேரத்தில் போவது?

கோலாலம்பூரிலிருந்து வருகிறேன், ஒரு நாள்தான் கையில் என்று கேட்டிருக்கிறீர்கள். காலையில் தீவின் வடமேற்கு மூலையில் தேசியப் பூங்கா இருக்கும் தெலுக் பஹாங், மாலையில் மேற்குப் பக்கத்துப் பாலிக் பூலாவ் வயல்வெளி. நடுப்பகலில் நாசி கண்டார் (சோறும் கறிக்குழம்பும்) சாப்பிட்டு நிழலில் இருங்கள். அந்த வெயிலில் பறவைகளும் அடங்கிவிடும்.

இங்கே ஏழு மணிக்கு மேல்தான் விடியும். தேசியப் பூங்காவின் பதிவு முகப்பு எட்டு மணிக்குத் திறக்கும் வரை பக்கத்துப் படகுத்துறையில் நில்லுங்கள். நீர்நாய்க் கூட்டம் கண்ணில் பட வாய்ப்புள்ள நேரம் அதுதான். முந்தைய இரவே ஓத அட்டவணையைப் பார்த்துவிடுங்கள்: கடல் நாளுக்கு இருமுறை ஏறி வற்றும், நேரம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வற்றம் அதிகம். சேறு தெரிந்தால் கொக்கு இறங்கும். நீர் ஏறிவிட்டால் வெறும் அலைதான்.

மேலே வட்டமிடுவதெல்லாம் கழுகு என்று எழுதிவிடாதீர்கள். வெள்ளைத் தலை, செங்காவி உடல், தட்டையாக விரித்த சிறகு என்றால் நம் கருடன். வயிறு வெள்ளை, சிறகைச் சற்றே மேல்நோக்கி V போலப் பிடித்திருந்தால் கடற்கழுகு. இளம் பறவைகளில் இரண்டுமே பழுப்பு. அப்போது நிறத்தை விட்டுவிட்டுச் சிறகின் பிடிப்பைப் பாருங்கள்.

பூங்காவுக்குள் கெராச்சுட் கடற்கரைப் பாதை ஏறக்குறைய ஒன்றரை மணி நேர நடை. லோத்தோங் குரங்கைத் தரையில் தேடிப் பயனில்லை. இலை தின்னும் விலங்கு, உச்சிக் கிளைகளில்தான் இருக்கும். காற்றில்லாமல் கிளை ஆடினால் நின்று அண்ணாந்து பாருங்கள். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் தெரியும், குட்டியோ ஆரஞ்சு நிறம். கீழே பையைப் பிடுங்க வருவது நீளவால் குரங்கு. பிளாஸ்டிக் பையின் சரசரப்பு போதும் அதற்கு, சாப்பாட்டை முதுகுப்பைக்குள்ளேயே வையுங்கள்.

தொலைநோக்கி 8x42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மி.மீ.) போதும். ஏர்கான் காரிலிருந்து எடுத்தவுடன் அதன் கண்ணாடியில் ஆவி படியும். இறங்குவதற்குப் பத்து நிமிடம் முன்பே ஏர்கானை அணைத்து ஜன்னலைத் திறந்துவிடுங்கள். 101 பேருந்து தெலுக் பஹாங் வரை வரும் என்றாலும் மாலைப் பகுதிக்குக் கார் வேண்டும்.

பாலிக் பூலாவ் பக்கம் நாலரைக்கு மேல் சுங்கை பூரோங் வயல்களுக்குப் போங்கள். பயிர் உயர்ந்து நின்றால் கொக்கு உள்ளே மறைந்துவிடும். உழவு நடக்கும் வயலைத் தேடுங்கள், டிராக்டரின் பின்னாலேயே உண்ணிக்கொக்குகள் நடக்கும். மின்கம்பியில் பூச்சி பிடிக்கும் பஞ்சுருட்டான் பறவை இருக்கிறதா என்றும் பாருங்கள். காரைவிட்டு இறங்கினால் எல்லாம் பறந்துவிடும். உள்ளேயே உட்கார்ந்து, வண்டி மெல்ல நகரட்டும்.