அங்கி போடுவதற்கு முன்: ஒரு சேகர குருவிடம் கேட்டவை

தென்னிந்தியத் திருச்சபையின் சேகரங்களில் (ஒரு குருவின் பொறுப்பில் இருக்கும் சபைகளின் தொகுதிதான் சேகரம்) முப்பது வருஷம் ஓடி ஓய்வுபெற்றவன் நான். குருத்துவப் படிப்புக்குப் போக நினைக்கும் பிள்ளைகளும் அவர்கள் வீட்டாரும் கேட்ட கேள்விகள் இவை. திருமண்டலத்துக்குத் திருமண்டலம், அதாவது ஒரு பேராயரின் பொறுப்பில் இருக்கும் பகுதிக்குப் பகுதி, வழக்கம் கொஞ்சம் மாறும். உங்கள் ஊர் நடைமுறையையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஐயா, ஜெபத்தில் எனக்கு அழைப்பு உறுதியாகிவிட்டது. பேராயரை நேரில் பார்க்கலாமா? (பி.காம். மூன்றாம் ஆண்டு மாணவர்)

முதலில் உன் சேகர குருவைப் பார், தம்பி. சேகரக் கமிட்டி பரிந்துரைத்து, திருமண்டலம் நேர்காணல் வைத்து, அதற்கப்புறம்தான் கல்லூரிக்கு அனுப்புவார்கள். உனக்குக் கேட்ட அழைப்பு சபையார் காதிலும் விழ வேண்டும் அல்லவா? நான் முதல் வகுப்புச் சான்றிதழைக் கையில் பிடித்துக்கொண்டு கமிட்டி முன் நின்றேன். ஒரு பெரியவர் அதைத் தொடக்கூட இல்லை. "நம்ம தெருக் கடைசி வீட்டுப் பாட்டி ஆறு மாசமா படுக்கையில கிடக்கு. ஒரு நாளாவது போய்ப் பார்த்தியா?" என்று கேட்டார். நான் போயிருக்கவில்லை. அந்த வருஷம் என் பெயர் மேலே போகவும் இல்லை.

மொத்தம் எத்தனை வருஷம் ஆகும்? (அவர் அப்பா)

பட்டப்படிப்பு முடித்த பிறகும் ஏழெட்டு வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அண்ணாச்சி. பல இடங்களில் ஓரிரு வருஷம் சபை ஊழியராக வேலை பார்க்கச் சொல்வார்கள். பட்டதாரிக்கு பி.டி. என்ற இறையியல் பட்டப்படிப்பு நான்கு வருஷம். திரும்பி வந்ததும் மறுபடி சபை ஊழியம், பிறகு உதவி குரு, அதன் பிறகே குரு.

பி.டி. பட்டம் கொடுப்பது செராம்பூர். கல்கத்தாவுக்கு அருகில் 1818-ல் வில்லியம் கேரி என்ற மிஷனரியும் நண்பர்களும் தொடங்கிய கல்லூரி அது. அன்றைக்கு அந்த ஊர் டென்மார்க்கின் ஆட்சியில் இருந்ததால், 1827-ல் டேனிஷ் அரசர் கொடுத்த சாசனத்தால்தான் பட்டம் வழங்கும் உரிமை வந்தது. படிப்பதற்கு அங்கே போக வேண்டியதில்லை. மதுரை அரசரடியில் 1969-ல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் தமிழிலேயே படிக்கலாம். ஆங்கிலத்தில்தான் வேண்டும் என்றால் பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரி இருக்கிறது. கிராமச் சபைக்குப் போகிற பிள்ளைக்கு நான் மதுரையைத்தான் சொல்வேன்.

கிரேக்கும் எபிரேயும் எதற்கு? தமிழ் வேதாகமம் போதாதா? (ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை)

பிரசங்கத்துக்குத் தமிழ் போதும். ஆனால் யோவான் சுவிசேஷம் 21-ம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள், டீச்சர். "என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா" என்று இயேசு இரண்டு தரம் கேட்கிறார். "உம்மை நேசிக்கிறேன்" என்று பேதுரு வேறொரு சொல்லால் பதில் சொல்கிறார். மூன்றாம் தரம் பேதுருவின் சொல்லையே எடுத்து, "என்னை நேசிக்கிறாயா" என்கிறார். கிரேக்கில் இவை அகபாவோ, ஃபிலியோ என்ற இரண்டு வினைகள். நம் பழைய மொழிபெயர்ப்பு அந்த வேறுபாட்டை விடாமல் காப்பாற்றியிருக்கிறது. அதற்குப் பெரிய அர்த்தம் கிடையாது, நடைக்காகத்தான் சொல் மாறியது என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு. இருக்கட்டும். சிறு வயதிலிருந்து எத்தனை தரம் வாசித்த பகுதி! கிரேக்கு வகுப்பில் உட்கார்ந்த பிறகுதான் அது என் கண்ணில் பட்டது.

எபிரேயு வலமிருந்து இடமாகப் போகும். முதல் மாதம் கழுத்து வலிக்கும், அவ்வளவுதான்.

உதவி குருவுக்கும் குருவுக்கும் என்ன வித்தியாசம்? (வாலிபர் சங்கச் செயலர்)

கண்ணால் பார்க்க வேண்டுமானால் ஸ்டோலை, அங்கிக்கு மேல் போடும் நீளத் துணிப்பட்டையை, பார். உதவி குரு இடது தோளிலிருந்து குறுக்காகப் போடுவார், குருவுக்கு இரு தோளிலும் தொங்கும். உதவி குரு, அப்பமும் ரசமும் கொடுக்கும் திருவிருந்து ஆராதனையில் துணை நிற்கலாம், நடத்த முடியாது.

உதவி குரு அபிஷேகத்தில் பேராயர் மட்டும் தலையில் கை வைப்பார். குருப்பட்டத்தின்போது சுற்றி நிற்கும் குருமார் எல்லாரும் சேர்ந்து வைப்பார்கள். அதன் பாரத்தை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. பத்துப் பதினைந்து கைகள். கழுத்து உள்ளே இறங்கிவிட்டது போல் இருந்தது. ஒரு கை மட்டும் நடுங்கியது. எனக்கு முதன்முதலில் பிரசங்கம் பண்ண இடம் கொடுத்த வயதான குருவின் கை அது. திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது.

பெண்கள் வரலாமா? (செவிலியர்)

தாராளமாக, அம்மா. நம் திருச்சபையில் எலிசபெத் பால் அம்மா 1976-லேயே குருப்பட்டம் பெற்றுவிட்டார். 2013-ல் நந்தியாலில் புஷ்பலலிதா அம்மா பேராயரே ஆனார். சட்டத்தில் தடையில்லை, சில சபைகளின் மனதில்தான் இருக்கிறது. திருவிருந்தை ஆண் குரு கையிலிருந்துதான் வாங்குவேன் என்று அடுத்த வரிசைக்கு நகர்ந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். அதற்கும் மனதைத் தயார் பண்ணிக்கொண்டு வாருங்கள்.

கல்யாணம்? (பெயர் சொல்லவில்லை)

பண்ணலாம். கத்தோலிக்கக் குருமாருக்குத்தான் துறவு. ஆனால் சில வருஷத்துக்கு ஒரு தரம் மாற்றல் வரும், பிள்ளைகளின் பள்ளி மாறும், நள்ளிரவிலும் கதவைத் தட்டுவார்கள். இதையெல்லாம் பெண் பார்க்கப் போகும்போதே சொல்லிவிடு.

தேர்வில் என்னைக் கழித்துவிட்டார்கள். இனி என்ன செய்ய? (சபை ஊழியர், 27 வயது)

தரங்கம்பாடி ஆரோன் 1733-ல் குருப்பட்டம் பெற்றார். புராட்டஸ்டண்டு சபைகளில் குருப்பட்டம் பெற்ற முதல் இந்தியர் அவரே. அதற்கு முன் பத்து வருஷத்துக்கும் மேலாக, பட்டம் பெறாத சபை ஊழியரான உபதேசியாராக ஊர் ஊராக நடந்தவர். உனக்கு இப்போதுதான் 27. அடுத்த முறை மனு போடு. அதற்குள் ஞானஸ்நான, திடப்படுத்தல் சான்றிதழ்களை எடுத்து, பெயரின் எழுத்து பள்ளிச் சான்றிதழோடு ஒத்துப்போகிறதா என்று பார். பழைய பதிவேட்டில் பெயரைத் திருத்தி வாங்கவே இரண்டு மாதம் ஆகும்.