இட்லிப்பூச் செடியில் கொழுந்து ஏன் மஞ்சளாகிறது?

கேள்வி: காம்பவுண்டு சுவரை ஒட்டி இரண்டு வருடம் முன்பு சிவப்பு இட்லிப்பூச் செடிகள் வைத்தோம். இப்போது கொழுந்தெல்லாம் மஞ்சளாக வருகிறது, பூவும் குறைந்துவிட்டது. யூரியா, சாணம், முட்டை ஓட்டுத் தூள் எல்லாம் போட்டும் பலனில்லை. ஊற்றுவது போர் தண்ணீர். என்ன செய்யலாம்? (வாசகி, தாம்பரம்)

பதில்: ஒரு கொழுந்து இலையைப் பறித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நரம்புகள் பச்சையாகவும் இடைப்பகுதி மட்டும் வெளிறியும் இருந்தால் அது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவுதான். அடி இலைகள் முதலில் மஞ்சளானால் காரணம் வேறு. பழைய இலையில் இருக்கும் இரும்பைச் செடியால் எடுத்துக் கொழுந்துக்கு அனுப்ப முடியாது. அதனால்தான் குறை கொழுந்தில் முதலில் தெரிகிறது.

மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. காரத்தன்மை கூடினால் அது தண்ணீரில் கரையாது, வேருக்கும் எட்டாது. இட்லிப்பூ என்பது நம் பழைய வெட்சிதான். ஆநிரை கவரப் போனவர்கள் சூடிய அதே பூ. சற்றே புளிப்பான செம்மண்ணில் செழிக்கிற செடி அது. உங்கள் வீட்டில் அதற்கு நேர்மாறான நிலை. சுவர் கட்டியபோது கொட்டிய சிமெண்டுச் சிதறலும் பூச்சுத் துண்டுகளும் வேரடியில் கிடக்கும். உப்புத் தண்ணீர் தினமும் சுண்ணாம்பைச் சேர்க்கும். முட்டை ஓடும் சுண்ணாம்புதான், அதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். யூரியாவும் இப்போதைக்கு வேண்டாம்.

உடனடி மருந்து அன்னபேதி, அதாவது பெர்ரஸ் சல்பேட். உரக்கடையில் கிடைக்கும். இளம்பச்சையாக இருப்பதை வாங்குங்கள். பழுப்பேறியது அவ்வளவாகப் பயன்படாது. ஒரு லிட்டர் தண்ணீரில் முதலில் 1 கிராம் சிட்ரிக் அமிலம், அப்புறம் 5 கிராம் அன்னபேதி. கரைத்த உடனே, வெயில் தாழ்ந்த பிறகு, இலையின் இருபுறமும் நனையத் தெளியுங்கள். 10 முதல் 15 நாள் இடைவெளியில் மூன்று முறை போதும். அளவைக் கூட்டினால் இலை கருகும். தரையில் பட்டால் துருக்கறை போகவே போகாது, சாக்கு விரித்துக்கொள்ளுங்கள். முற்றிய மஞ்சள் இலை தேறாமல் போகலாம், அதைப் பார்த்து மனம் தளராதீர்கள். அடுத்து வரும் துளிர்தான் கணக்கு.

தெளிப்பது தற்காலிகம்தான், மண்ணைச் சரிசெய்தால்தான் குறை திரும்ப வராது. வேரை வெட்டாமல் மேல்மண்ணைக் கிளறிச் சிமெண்டுத் துண்டுகளைப் பொறுக்கி எடுங்கள். செம்மண்ணும் மட்கிய தொழுவுரமும் கலந்து நிரப்பி, மேலே காய்ந்த இலைகளை மூடாக்காகப் பரப்புங்கள். மாடியில் விழும் மழைநீரைப் பிடித்து ஊற்ற முடிந்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. மண் மாறச் சில மாதங்கள் ஆகும்.

பூ குறைந்ததற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். இட்லிப்பூ கிளை நுனியில்தான் மொட்டு விடும். வேலி மாதிரி அழகாக இருக்கட்டும் என்று மாதாமாதம் கத்தரித்தால் மொட்டும் சேர்ந்து போய்விடும். ஒரு சுற்றுப் பூத்து ஓய்ந்ததும், வாடிய கொத்துக்குக் கீழே இரண்டு கணு விட்டு வெட்டுங்கள். செடி மஞ்சளாக இருக்கும்வரை அதுகூட வேண்டாம், பச்சைத் துளிர் வந்த பிறகு கத்தரியைத் தொடுங்கள்.